எண்டிங் பாடலுக்காக ஒரு அனிமே பார்ப்பதென்றால் எதில் தொடங்கலாம்?

அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் தொடர்களைப் பார்ப்பவர்களில் நிறையப் பேருக்கு ஓபனிங் பாடல் மனப்பாடமாக இருக்கும். அதே தொடரின் எண்டிங், அதாவது எபிசோடு முடிந்து பெயர்கள் ஓடும்போது வரும் பாடல், எப்படி இருக்கும் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். ஓடிடி தளங்களும் இந்தப் பழக்கத்தை வளர்த்துவிட்டன. பெயர்ப் பட்டியல் தொடங்கிய சில நொடிகளிலேயே அடுத்த எபிசோடுக்கான பொத்தான் திரையில் வந்து நிற்கிறது, விரலும் தானாக அங்கே போய்விடுகிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. நல்ல எண்டிங் என்பது அந்த எபிசோடின் கடைசிக் காட்சி. அழுகையோ அதிர்ச்சியோ சிரிப்போ, இருபது நிமிடம் சேர்த்துவைத்ததை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்பதை அந்த ஒன்றரை நிமிடம்தான் முடிவு செய்கிறது.

சரி, இதுவரை எண்டிங்கைக் கண்டுகொள்ளாத ஒருவர், ஒரே ஒரு தொடரை எடுத்து, ஒவ்வொரு எபிசோடிலும் பாடல் முடியும்வரை எழுந்திருக்காமல் பார்ப்பது என்று இறங்கினால், எந்தத் தொடரைக் கையில் கொடுக்கலாம்? பாடல் இனிமையா என்பதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. இனிமையான பாடலைத் தனியாக யூடியூபில் கேட்டுக்கொள்ளலாம், தொடர் எதற்கு? நான் பார்ப்பது மூன்று விஷயம். பாடல் கதைக்குள் எந்த இடத்தில், எப்படி நுழைகிறது? பத்து முறை கேட்டபிறகு அதன் கனம் கூடுகிறதா, குறைகிறதா? அப்புறம், அந்தப் பலனை அடைய எத்தனை மணி நேரம் கொடுக்க வேண்டும்?

கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் முதல் முறை முயல்கிறவரிடம் ஐம்பது எபிசோடு பார் என்று சொன்னால் பத்தாவதில் விட்டுவிடுவார்.

ஒப்பீட்டுக்குள் போகுமுன் ஒரு பின்னணி. ஜப்பானில் அரை மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போக ஓர் எபிசோடுக்கு 24 நிமிடம் அளவில்தான் கிடைக்கும். அதில் ஓபனிங்குக்கு ஒன்றரை நிமிடம், எண்டிங்குக்கு ஒன்றரை நிமிடம். தொடருக்குப் பணம் போடும் தயாரிப்புக் குழுவில் இசை நிறுவனம் ஒன்றும் பங்குதாரராக இருப்பது வழக்கம். தன் பாடகரின் புதுப்பாடலை அந்த ஒன்றரை நிமிடத்தில் வைத்து விற்பது அவர்களுடைய கணக்கு. அதனால்தான் நீண்ட தொடர்களில் மூன்று மாதத்துக்கொரு தடவை பாடல் மாறுகிறது, கதைக்கும் பாட்டுக்கும் ஒட்டே இல்லாத எண்டிங்குகளும் ஏராளமாக இருக்கின்றன. சில நேரம் பாடல் தொடரையும் தாண்டிப் போய்விடும். 1990இல் ‘சிபி மாருகோ-சான்’ தொடரின் எண்டிங்காக வந்த ‘ஒதோரு பொம்பொகோரின்’, அந்த ஆண்டு ஜப்பான் ரெக்கார்ட் விருதை பாப்-ராக் பிரிவில் வாங்கியது. பிற்பாடு அதுவே அந்தத் தொடரின் ஓபனிங்காகவும் ஆனது. ஆனால் நாம் தேடுவது இந்த வகை வெற்றியை அல்ல. கதையிலிருந்து பிரித்தெடுத்தால் பாதி உயிர் போய்விடும் பாடல்தான் நமக்கு வேண்டும்.

அந்த வகையில் பேச்சை ‘சிட்டி ஹன்டர்’ தொடரிலிருந்து ஆரம்பிப்பதுதான் முறை. 1987 ஏப்ரலில் ஒளிபரப்பான தொடர். டிஎம் நெட்வொர்க் குழுவின் ‘கெட் வைல்ட்’ இதன் எண்டிங், இசை டெட்சுயா கொமுரோ. டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் துப்பறிவாளனும் மெய்க்காவலனுமாக வேலை பார்க்கும் ரியோ சாயெபாவின் கதை இது. எபிசோடின் கடைசிக் காட்சி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். யாரோ விடைபெற்றுப் போவார்கள், அல்லது ரியோ வழக்கம்போல ஓர் அசட்டுத்தனம் செய்து உதை வாங்குவான். அந்த வசனங்களுக்கு அடியில் பாடலின் முன்னிசை மெதுவாக எழும். வசனம் முடிகிற இடத்தில் படம் உறையும், தாளம் விழும், பெயர்கள் ஓடத் தொடங்கும். கதை எங்கே முடிந்தது, பாட்டு எங்கே தொடங்கியது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது.

இன்றைக்கு எத்தனையோ அனிமேக்கள் செய்யும் வித்தை இது. அந்த வித்தையைப் பற்றிப் பேச்சு வந்தால் ஜப்பானிய ரசிகர்கள் முதலில் சொல்லும் பெயர் ‘கெட் வைல்ட்’தான். டிஎம் நெட்வொர்க்கைப் பெரிய குழுவாக்கியதும் இந்தப் பாடலே. 2017இல், முப்பதாவது ஆண்டில், இந்த ஒரே பாடலின் விதவிதமான வடிவங்களை மட்டும் வைத்து நான்கு வட்டுகள் கொண்ட தொகுப்பு வெளியிட்டார்கள். 2019இல் வந்த ‘சிட்டி ஹன்டர்’ திரைப்படமும் இதே பாடலோடுதான் முடிந்தது. ஜப்பானில் அலுவலக வேலை முடிந்து வெளியே வரும்போது இதை ஹெட்ஃபோனில் போட்டுக்கொண்டு நடப்பது சமூக வலைத்தளங்களில் ஒரு பழக்கமாகவே பரவியது. அன்றைய வேலையை ஓர் எபிசோடாக முடித்துவைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பாடல் கிடைக்காது என்பது அவர்கள் கணக்கு, எனக்கும் அதில் உடன்பாடு.

பிறகு ஏன் இதை முதல் தேர்வாகச் சொல்லத் தயங்குகிறேன்? முதல் பருவம் மட்டுமே 51 எபிசோடு. ‘கெட் வைல்ட்’ வருவது அதில் முதல் 26இல்தான், மீதியில் வேறு பாடல். தொடரின் நகைச்சுவையில் பெரும்பகுதி ரியோ பெண்களின் பின்னால் அலைவதைச் சுற்றியே ஓடுகிறது. எண்பதுகளின் அந்த ரசனை இன்றைய புதுப் பார்வையாளர் பலருக்கு இரண்டாவது எபிசோடிலேயே சலித்துவிடும். பாடல் ஒவ்வொரு முறையும் மிக அழகாக இறங்குகிறது. ஆனால் கதைகள் தனித்தனியானவை என்பதால் இருபதாவது முறை கேட்கும்போது அது முதல் முறையைவிட அதிகமாக எதையும் சொல்வதில்லை. நுழைவுக்கு முழு மதிப்பெண், கனம் கூடுவதற்குப் பாதிதான்.

இந்த இரண்டும் சேர்ந்து அமைந்தது ‘அனோஹானா’. 2011 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஃபுஜி டிவியில் வந்தது, மொத்தமே 11 எபிசோடு. டோக்கியோவுக்கு வடமேற்கே சைதாமா மாகாணத்திலுள்ள சிசிபு என்னும் மலையடிவார ஊரில் நடக்கும் கதை. சிறுவயதில் காட்டுக்குள் ஒரு குடிசையை ரகசிய இடமாக வைத்து விளையாடிய ஆறு நண்பர்கள், அவர்களில் மென்மா என்ற சிறுமி இறந்துபோனதும் சிதறிவிடுகிறார்கள். அவர்களில் ஒருவனான, பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிட்ட ஜிந்தாவின் வீட்டில் ஒரு கோடையில் மென்மா வந்து நிற்கிறாள், அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறாள். முதல் எபிசோடிலேயே இவ்வளவும் தெரிந்துவிடும், எனவே நான் எதையும் கெடுத்துவிடவில்லை.

எண்டிங் ‘சீக்ரெட் பேஸ்’. இது புதுப்பாடல் இல்லை. சப்போரோவைச் சேர்ந்த ஸோன் என்ற பெண்கள் குழு 2001 ஆகஸ்டில் வெளியிட்டுப் பெரும் வெற்றி பெற்ற பாடல். கோடை விடுமுறை முடிந்து பிரியும் நண்பர்கள், பத்து ஆண்டு கழித்து ஆகஸ்டில் மறுபடி சந்திப்போம் என்று நம்பிப் பாடுவதாக வரும். சரியாகப் பத்து ஆண்டு கழித்து வந்த தொடரில், மென்மா, அனாரு, சுருகோ ஆகிய மூவருக்கும் குரல் கொடுத்த ஐ கயானோ, ஹருகா தோமாட்சு, சயோரி ஹயாமி மூவரும் அதைப் புதிதாகப் பாடினார்கள். 2001இல் பள்ளிப் பிள்ளைகளாக ஸோனைக் கேட்டவர்கள் 2011இல் இருபதுகளில் இருந்தார்கள். நள்ளிரவில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்த அவர்களுக்கு இந்தப் பாட்டு என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். இன்னொன்று: 2005இல் கலைந்துபோன ஸோன் குழுவினர், பாட்டில் சொன்ன ஆகஸ்டை நிறைவேற்றுவதற்காகவே 2011 ஆகஸ்டில் மீண்டும் மேடை ஏறினார்கள்.

இவ்வளவு கதையும் தெரியாமல் பார்த்தாலும் பாடல் தன் வேலையைச் செய்துவிடும். அது நுழையும் விதம் ‘சிட்டி ஹன்டர்’ வழியில்தான். ஒருவர் நெடுநாள் அடக்கிவைத்த ஒன்றைச் சொல்லிவிடுவார், மற்றவர் பதில் சொல்லாமல் நிற்பார், அந்த மௌனத்துக்கு அடியில் பாடல் கசியத் தொடங்கும். ஆனால் இங்கே கூடுதலாக ஒன்று நடக்கிறது. பாடுகிற மூன்று குரலும் கதையில் வரும் மூன்று பெண்களின் குரல்கள். அனாரு என்ன மறைக்கிறாள், சுருகோ யாரைப் பார்த்து ஏங்குகிறாள் என்று வாரத்துக்கு வாரம் தெரியத் தெரிய, அதே வரியை யார் பாடுகிறார் என்பதே ஒரு செய்தியாகிவிடுகிறது. முதல் வாரத்தில் நட்பைப் பற்றிய இனிய பாட்டாகக் கேட்டது, ஏழாவது எட்டாவது வாரத்தில் கேட்கவே பயமாக இருக்கும். முன்னிசை வந்தாலே தொண்டை அடைக்கும். கடைசி எபிசோடில் அது எப்போது, எந்த நிலையில் வருகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை, யாரும் சொல்ல விடவும் கூடாது.

இதிலும் குறை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ‘அனோஹானா’ பார்ப்பவரை அழவைக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே முயல்கிற தொடர். கடைசியில் எல்லோரும் சேர்ந்து கதறும் காட்சிகள் சிலருக்கு அளவு மீறியதாகப் படும். உணர்ச்சியை அடக்கிச் சொல்லும் கதைகளை விரும்புகிறவருக்கு இந்தப் பாடல் ஒரு தள்ளுமுள்ளாகத் தோன்றலாம்.

அவருக்காகத்தான் ‘கௌபாய் பீபாப்’ இருக்கிறது. 1998இல் வந்தது, இயக்கம் ஷினிசிரோ வாட்டனாபே, இசை யோகோ கன்னோ. எண்டிங் ‘தி ரியல் ஃபோக் ப்ளூஸ்’, பாடியவர் மாய் யமானே. கரகரப்பும் அதட்டலும் கலந்த அந்தக் குரலை ஒருமுறை கேட்டால் வேறு யாருடையதென்றும் குழம்ப முடியாது. ஓபனிங் ‘டேங்க்!’ பித்தளைக் குழல்களோடு துள்ளிக்கொண்டு வரும், எண்டிங் அதற்கு நேர் எதிர்த்திசையில் போகும். கறுப்பு வெள்ளைப் படங்களாக ஒரு பெண், மழை, துப்பாக்கி, பழைய நண்பன். இவர்கள் யார் என்று ஆரம்ப எபிசோடுகளில் ஒன்றும் தெரியாது. நாயகன் ஸ்பைக் சிரித்துக்கொண்டே குற்றவாளிகளைத் துரத்திக்கொண்டிருப்பான், எண்டிங் மட்டும் அவன் வாய்திறந்து சொல்லாத கடந்த காலத்தை வாராவாரம் நம் முன் வைத்துக்கொண்டே இருக்கும். எபிசோடு எவ்வளவு வேடிக்கையாக இருந்தாலும் சரி, கடைசி ஒன்றரை நிமிடம் அந்த நினைவுக்கே திரும்பும். எண்டிங்கின் படங்களை இவ்வளவு பொறுமையாகக் கதைக்குள் பயன்படுத்திய தொடர் எனக்குத் தெரிந்து குறைவு.

அப்புறம், இது பாடலை எடுத்துவிட்டும் பேசும். 13ஆவது எபிசோடில் வழக்கமான எண்டிங் வராது, ‘ஸ்பேஸ் லயன்’ என்ற இசை வரும். 26ஆவது எபிசோடில் அதே மாய் யமானே ‘ப்ளூ’ என்ற வேறொரு பாடலைப் பாடுவார். இத்தனை வாரம் கேட்ட பாடல் வர வேண்டிய இடத்தில் வராமல், அதே குரல் வேறொன்றைப் பாடும்போது ஏற்படும் உணர்வை விளக்கிச் சொல்வது கடினம். இங்கேதான் சிக்கலும். ‘ப்ளூ’ முழுதாகத் தாக்க வேண்டுமானால், ‘தி ரியல் ஃபோக் ப்ளூஸ்’ நமக்குப் பழகியிருக்க வேண்டும். நடுவில் எண்டிங்கைத் தாவிப் போனவருக்கு அது இன்னொரு நல்ல பாடல், அவ்வளவே. ஏறக்குறைய பத்து மணி நேரம், ஒரு முறைகூடத் தவறாமல் உட்கார்ந்தவருக்கு மட்டும் கிடைக்கும் பரிசு இது. எண்டிங்கில் உட்காரும் பழக்கமே இல்லாதவரிடம் எடுத்த எடுப்பில் இதைக் கேட்பது நியாயமில்லை என்று நினைக்கிறேன்.

நேரம் குறைவாக இருக்கிறது, ஆனால் அழுகை வேண்டாம் என்பவருக்கு ‘மடோகா மாகிகா’ இருக்கிறது. 2011 ஜனவரியில் தொடங்கிய 12 எபிசோடு. மார்ச் மாதத்து நிலநடுக்கத்தால் கடைசிப் பகுதி ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. கிளாரிஸ் பாடிய ‘கனெக்ட்’ என்ற ஓபனிங் பளிச்சென்று இருக்கும், மந்திரச் சிறுமிகளின் கதை என்று நம்மை ஏமாற்றும். காலஃபினா குழு பாடிய ‘மாகியா’ என்ற எண்டிங் மூன்றாவது எபிசோடின் முடிவில் இடியாக இறங்கும்போது, இது எந்த மாதிரித் தொடர் என்பது தெரிந்துவிடும். தொடரின் பின்னணி இசையைச் செய்த யூகி கஜியுராவே இதையும் எழுதி இசையமைத்தார், அதனால் கதைக்கும் பாட்டுக்கும் இடையில் ஒட்டுப்போட்ட தடமே இருக்காது. பத்தாவது எபிசோடில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். ஓபனிங் பாடலைத் தூக்கிக் கடைசியில் வைக்கிறார்கள். இத்தனை நாள் மேலோட்டமாகக் கேட்ட ‘கனெக்ட்’ உண்மையில் யாருடைய மனது என்று அப்போதுதான் புரிகிறது. ஓபனிங்கைத் தாவுகிறவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. ஆனால் ‘மாகியா’வை மட்டும் எடுத்துக்கொண்டால், அது ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் அடிக்கும் பாடல். முதல் அடி மறக்காது, பிந்தையவற்றில் அந்த வியப்பு இல்லை.

‘இவாஞ்செலியன்’ பற்றி ஒரு எச்சரிக்கை. 1995ஆம் ஆண்டின் இந்தத் தொடரில் எண்டிங்காக வருவது ‘ஃப்ளை மீ டு த மூன்’, பார்ட் ஹோவர்ட் 1954இல் எழுதிய அமெரிக்கப் பாடல். எபிசோடுக்கு எபிசோடு பாடுபவரும் இசை வடிவமும் மாறிக்கொண்டே இருக்கும், கதாபாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தவர்களே பாடிய வடிவங்களும் உண்டு. நிலவொளி படர்ந்த தண்ணீரில் கதாபாத்திரங்களில் ஒருத்தியான ரெய் தலைகீழாகச் சுழல்வாள். எல்லாம் நொறுங்கிப்போன ஓர் எபிசோடுக்குப் பின் இந்த மிருதுவான காதல் பாட்டு வரும்போது ஏற்படும் அந்தக் குளிர்ச்சி வேறு எதிலும் இல்லை. ஆனால் 2019இல் நெட்ஃப்ளிக்ஸில் வெளியானபோது, உரிமைச் சிக்கலால் ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளில் இந்தப் பாடலை நீக்கி வேறு இசை போட்டுவிட்டார்கள். எண்டிங்குக்காகவே ஒருவர் அந்தத் தொடரை அங்கே தேடிப்போனால் எண்டிங் இருக்காது. பழைய வட்டு வைத்திருக்கும் நண்பர் இருந்தால் ஒழிய இதை நான் பரிந்துரைக்க மாட்டேன், மனசில்லாமல்தான் சொல்கிறேன்.

இளைய நண்பர்கள் உடனே ‘செயின்சா மேன்’ என்பார்கள். 2022இல் வந்த 12 எபிசோடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிப் பாடல், தனிப் பாடகர், தனிக் காட்சி. வௌண்டி, எய்மர், ஈவ் என்று அன்றைய ஜப்பானிய இசையின் பெரிய பெயர்கள் எல்லாம் அங்கே இருக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டும் அந்தந்த எபிசோடில் நடந்ததைப் பிடித்துக்கொண்டு வருகிறது. புதிய பாடகர்களைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை. என் அளவுகோலில் மட்டும் அது பின்தங்குகிறது: எந்தப் பாடலும் நம்மோடு தங்கி முதிர நேரமில்லை. ‘ஜோஜோ’ முதல் பருவத்தில் வரும் ‘ரவுண்டபவுட்’ இதற்கு நேர்மாறு. யெஸ் குழுவின் 1971ஆம் ஆண்டுப் பாடல் அது. அதன் கிட்டார் முன்னிசை நெருக்கடியான காட்சியின் நடுவில் புகுந்து, ‘தொடரும்’ என்ற அம்புக்குறி விழும் நொடியை இணையம் முழுக்கப் பிரதி எடுத்துவிட்டது. அத்தனை முறை வேடிக்கை வீடியோக்களில் பார்த்தபிறகு மூலத்தைப் புதிதாகப் பார்ப்பது பலருக்கு இயலாத காரியம்.

புதியவற்றில் ஒன்று வேண்டும் என்றால் 2023இன் ‘ஃப்ரீரென்’. மிலெட் பாடிய ‘எனிடைம் எனிவேர்’, தொடரின் பின்னணி இசையமைப்பாளர் எவன் காலின் கைவண்ணம் அதன் இசைக்கோவையிலும் உண்டு. ஆயிரம் ஆண்டு வாழ்கிறவள், தன்னோடு பத்து ஆண்டு நடந்த தோழர்களை அவர்கள் போனபிறகு மெல்லப் புரிந்துகொள்கிறாள். பாடலும் அதே மெல்லத்தில் நகர்கிறது. முதல் பருவம் 28 எபிசோடு என்பதால் நேரம் கேட்கும், ஆனால் தினம் ஒன்று என்று தூங்கப்போகுமுன் பார்க்கிறவருக்கு இதைவிட இதமான முடிவு கிடைக்காது. அழுகை வரும், பிழிந்து எடுக்காது.

ஆகவே என் தேர்வு ‘அனோஹானா’தான், மேலே சொன்ன குறையோடு சேர்த்தே. 11 எபிசோடு, ஒரே பாடல், நாலரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு பாடல் திரும்பத் திரும்ப வந்து பொருள் மாறுவதை இவ்வளவு குறைந்த நேரத்தில் வேறு எந்தத் தொடரும் உணர்த்தியதில்லை. ஒரே நாளில் முழுவதையும் பார்த்துவிட வேண்டாம். இரண்டு எபிசோடுக்கு மேல் ஒரு நாளில் போனால் பாடல் ஊற நேரம் கிடைக்காது. பார்க்கும் தளத்தின் அமைப்பில் அடுத்த எபிசோடு தானாக ஓடும் வசதியை முதலிலேயே அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் சரியாகப் பல்லவியில் வெட்டிவிடும். பாடல் வரிகளுக்குத் துணைவரி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆங்கிலத்தில் இருந்தாலும் போதும், இந்தப் பாட்டுக்கு வரி புரிந்தாக வேண்டும்.

அழவைக்கும் கதையே ஆகாது என்பவர் நேராக ‘மடோகா மாகிகா’வுக்குப் போகலாம். ‘அனோஹானா’ முடித்தவர் சில நாள் இடைவெளி விட்டு ‘கௌபாய் பீபாப்’ எடுக்கட்டும். அதற்குள் உட்காரும் பழக்கம் வந்திருக்கும், 26ஆவது எபிசோடில் ‘ப்ளூ’ கேட்கத் தகுதியும் வந்திருக்கும்.